தேனி ஏன் பக்கம் மாறுகிறது?

அமெரிக்காவில் சில மாநிலங்கள் மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுகின்றனவே, ஏன் என்று கேட்கிறாய். டீயைக் குடி தம்பி, சொல்கிறேன். மிச்சிகன் வரை போக வேண்டாம், நம் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியிலிருந்தே தொடங்கலாம்.

1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஜெயித்த தொகுதி ஆண்டிபட்டி. 1989-ல் அ.தி.மு.க. ஜா அணி, ஜெ அணி என்று உடைந்து நின்றபோது, அங்கே தி.மு.க. வென்றது. பக்கத்தில் போடியிலோ ஜெயலலிதா ஜெயித்து முதன்முதலாகச் சட்டமன்றம் போனார். வாய்க்காலை நடுவில் இரண்டாக வெட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. கட்சி பிளந்தால் ஓட்டுக்கும் அதே கதிதான். இது முதல் காரணம்.

இரண்டாவது, எந்தப் பதவிக்கான ஓட்டு என்பது. 2019 ஏப்ரல் 18-ஐ எடுத்துக்கொள். அன்றைக்குத் தேனியில் மக்களவைத் தேர்தல். அதே நாளில் ஆண்டிபட்டிக்கும் பெரியகுளத்துக்கும் சட்டமன்ற இடைத்தேர்தல். தமிழ்நாடு முழுக்க தி.மு.க. கூட்டணி அள்ளிய அந்தத் தேர்தலில், தேனி மட்டும் அ.தி.மு.க.வின் ரவீந்திரநாத்தை எம்.பி. ஆக்கியது. ஆனால் இடைத்தேர்தல் நடந்த இரண்டு தொகுதிகளும் தி.மு.க.வுக்குப் போயின. ஒரே வரிசையில் நின்று டெல்லிக்கு ஒரு கணக்கும் சென்னைக்கு ஒரு கணக்கும் போட்டவர்கள் நம் ஜனங்கள்.

மூன்றாவது காரணம் ஆள். 2019-ல் ரவீந்திரநாத் ஜெயித்த வித்தியாசம் சுமார் 76,000. மூன்றாவதாக வந்த அ.ம.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வன் வாங்கியதோ 1.44 லட்சம். அவர் பிறகு தி.மு.க.வில் சேர்ந்தார். 2024-ல் அதே தேனியில் 5.71 லட்சம் ஓட்டு வாங்கி எம்.பி. ஆனார். அ.ம.மு.க.வின் டி.டி.வி. தினகரனுக்கு 2.92 லட்சம், அ.தி.மு.க.வுக்கு 1.55 லட்சம். இரண்டையும் கூட்டிப் பார், 4.47 லட்சம்தான். ஆக, எதிரணி பிரிந்ததால் மட்டும் வந்த வெற்றி இல்லை இது. ஓட்டே இடம் மாறியிருக்கிறது. 2016-ல் மாவட்டத்தின் நான்கு சட்டமன்றத் தொகுதிகளையும் வென்ற அ.தி.மு.க.வுக்கு, 2021-ல் ஓ. பன்னீர்செல்வம் நின்ற போடி மட்டுமே மிஞ்சியதையும் இதோடு சேர்த்துப் பார்.

இப்போது அமெரிக்காவுக்கு வா. மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றும் 1992 முதல் 2012 வரை ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சியை விட்டு நகரவில்லை. 2016-ல் டிரம்ப், 2020-ல் பைடன், 2024-ல் மறுபடி டிரம்ப். 2016-ல் மூன்று மாநிலத்திலும் சேர்த்து வித்தியாசம் 80,000-க்கும் குறைவு. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், ஜெயித்தவருக்கே, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் அந்த மாநிலத்தின் தேர்வாளர் ஓட்டு மொத்தமும் போய்விடும். அதனால்தான் அந்தச் சிறு வித்தியாசம் நாட்டையே திருப்பியது. 2024-ல் மிச்சிகனும் விஸ்கான்சினும் டிரம்பைத் தேர்ந்தெடுத்த அதே நாளில், செனட்டுக்கு ஜனநாயகக் கட்சிக்காரர்களை அனுப்பின. ஆண்டிபட்டிக்காரருக்கு இது புரியாத விஷயமே இல்லை.

இப்படி மாறுவதைச் சிலர் நிலையில்லாத புத்தி என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஓட்டு தன் சட்டைப்பையில் இருக்கிறது என்று ஒரு கட்சி நம்பிவிட்டால், முல்லைப் பெரியாறு தண்ணீரைப் பற்றிக் கேட்டாலும் பதில் வராது. நகரக்கூடிய ஓட்டுக்குத்தான் வேட்பாளர் தெருவுக்கு வந்து பதில் சொல்வார். அடுத்த முறை முடிவு வரும்போது, ஜெயித்தவரோடு நிறுத்திவிடாதே. மூன்றாவதாக வந்தவர் எத்தனை வாங்கினார் என்றும் பார். அதற்கடுத்த தேர்தல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கான தடம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.