கடலோரக் குடித்தனம் – 11: பத்திரம் சுத்தம், மனை பள்ளம்

துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு, ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போதே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே! 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமானது. அடுத்த வருஷம் ஸ்பிக் உர ஆலை வந்தது. 1979-ல் அனல் மின் நிலையம். ஐந்தே வருஷத்தில் ஊரின் தென்பக்கம் ஆளே மாறிப்போனது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆட்களுக்கென்று ஒரு குடியிருப்பைக் கட்டிக்கொண்டது. ஸ்பிக் நகர், ஹார்பர் எஸ்டேட், தெர்மல் கேம்ப் என்று இன்றைக்கும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் பெயர்கள் அப்படி வந்தவைதான். குழாயைத் திறந்தால் தண்ணீர், மரம் வைத்த ரோடு, நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். அங்கேயே பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தவர்கள் ஆயுசில் முதல் தடவையாக வீட்டு புரோக்கரிடம் பேசுவது அறுபதை நெருங்கும்போது. பி.எஃப். பணம் கையில் இருக்கும். மனை பார்த்த அனுபவம் துளியும் இருக்காது.

இன்னொரு வகையினர் உண்டு. உப்பளத்தில் வேலை பார்ப்பவர், லாரி ஓட்டுபவர், படகில் பங்குக்குப் போகிறவர். இவர்களிடம் சம்பளச் சீட்டு கிடையாது. உப்பளத்துக்காரருக்கு மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையே கிடையாது. அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணம் அந்த மூன்று மாதத்தின் அரிசிக்குக் காணாது. வங்கி இவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நகை, சீட்டு, மகளிர் குழுக் கடன், மாமியார் வீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்தால் மூன்று சென்ட் நிலமும் அதில் ஒரு தளம் போட்ட வீடும் தேறும். (ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சதுர அடியில் விலை சொன்னாலும் இங்கே மனசுக்குள் கணக்கு ஓடுவது சென்ட்டில்தான்.)

இரண்டு வகையினரும் வந்து சேரும் இடம் ஒன்றே. தெற்கே முள்ளக்காடு, அத்திமரப்பட்டி; மேற்கே கோரம்பள்ளம், மறவன்மடம்; வடக்கே மாப்பிள்ளையூரணி. மாநகராட்சியை ஒட்டியும் உள்ளேயுமாக இருக்கிற, நேற்றுவரை கிராமமாக இருந்த ஊர்கள். வாழைத் தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே திடீரென்று நாலு தெரு, தெருவுக்கு ஆறு வீடு, முனையில் ஒரு ஆர்ச், அதில் ஒரு நகரின் பெயர்.

போன வாரம் டவுனுக்குள் வாடகைக்கு ஒண்டுவதைப் பார்த்தோம். இந்த வாரம் வாங்குவது.

விலை ஏன் குறைவு என்று முதலில் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. குறைவாகக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அந்தக் கேள்வியே தொண்டைக்குள் போய்விடுகிறது. தூத்துக்குடிச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடு மலிவாக வருகிறதென்றால், என் அனுபவத்தில் காரணம் இரண்டுதான்: காகிதம் அல்லது தண்ணீர்.

காகிதக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. 1990-களிலும் 2000-களிலும் விவசாய நிலத்தைக் கல் நட்டுப் பிரித்து, ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோடு விற்றார்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று அதற்குப் பெயர். மாதத் தவணை, வேனில் அழைத்துப் போய்ச் சாப்பாடு, முதல் பத்துப் பேருக்குத் தங்கக் காசு என்று ஏக தடபுடல். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி மட்டும் இருக்காது. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவிட்டபோது தமிழ்நாடு முழுக்கப் பத்திர அலுவலகங்கள் ஈ ஓட்டின. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பத்திரமான மனையென்றால் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். அந்தத் தேதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வரன்முறை ஆகாத மனையில் நிற்கும் வீட்டுக்கு வங்கி கடன் தராது. அதனால் ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும், அதனால் விலை குறைவு. வரன்முறைக்கு ஆகும் செலவை விலையில் கழித்துக்கொண்டு வாங்கினால் நஷ்டமில்லை.

பத்திரச் செலவையும் மறந்துவிட்டு விலை பேசுகிறவர்கள் நிறைய. முத்திரைத் தீர்வை, உரிமை மாற்று வரி இரண்டும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்ச ரூபாய் சொத்துக்கு 90,000. 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடி. ஆக, 10,000 மிச்சம். மனைவி பெயரில் எழுத வேண்டும் என்று பேச்சு வரும்போது சில அண்ணாச்சிமார் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்த்துவிடுகிறார்கள். தெரிந்த வக்கீலிடம் காட்டிவிடுகிறார்கள். “அண்ணாச்சி, டாக்குமெண்ட் பக்கா” என்று புரோக்கர் சொல்வதில் பெரும்பாலும் பொய்யில்லை. காகிதத்தைப் பார்க்க இரண்டு மாதம் செலவழிப்பவர்கள், தரையைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை. அதுவும் கோடையில், காய்ந்து வெடித்த மண்ணில், ஞாயிற்றுக்கிழமை மாலை காற்று சிலுசிலுவென்று வீசும் நேரமாகப் பார்த்து அழைத்துப் போவார்கள்.

இந்தக் கரையின் தரை சாதாரணத் தரை அல்ல. முத்துக்குப் பெயர்போன பாண்டியர் துறைமுகம் கொற்கை. கிரேக்கரும் ரோமரும் எழுதிவைத்த ஊர். இன்று கொற்கையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கடல் கிடையாது, வயலும் வாழையும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. அடுத்து வந்த துறைமுகம் காயல். மார்க்கோ போலோ பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பார்த்துவிட்டுப் போன பழையகாயலும் அதேபோல் உள்ளே போய்விட்டது. ஆக, நாம் சென்ட் கணக்கில் பேரம் பேசுகிற மண்ணில் பாதி, ஆறு கொண்டுவந்து போட்டது. கொண்டுவந்த வழியை ஆறு மறப்பதில்லை.

தாமிரபரணியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். 1873-ல் கட்டி முடித்தார்கள். அதன் வடகால் பல குளங்களை நிரப்பிக்கொண்டே வந்து, முடிவில் சேரும் இடம் கோரம்பள்ளம் குளம். ஆற்றுத் தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை. கயத்தாறு, மணியாச்சி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் காட்டாற்று வெள்ளமும் மழைநாளில் இதே குளத்துக்குத்தான் வரும். 24 கண் மதகைத் திறந்துவிட்டால் உபரி நீர் உப்பாற்று ஓடை வழியாக உப்பளங்களைத் தாண்டிக் கடலில் விழும். குளத்துக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற நிலத்தில்தான் மலிவு வீடுகளில் பாதி எழும்பியிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்துக்கு வருஷம் முழுவதும் பெய்கிற சராசரி மழை 66 சென்டிமீட்டர்தான். தாமிரபரணியில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது பற்றிய செய்தி அவ்வளவு பெரிதாக வரவில்லை. அத்திமரப்பட்டி, முத்தையாபுரம் பக்கம் வீட்டுக்குள் வந்த தண்ணீர் அதைக் கேட்டுக்கொண்டா வந்தது? குளமே உடையாத டவுன் தெருக்களில்கூட நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. ஊறிப்போன பீரோவுக்கும் மெத்தைக்கும் அது போயிற்று. வீட்டு விலையில் விழுந்த அடிக்கு யாரும் நிவாரணம் தரவில்லை.

அந்த அடியோடு விற்பனைக்கு வந்த வீடுகள் இன்னும் சந்தையில் இருக்கின்றன. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சுவரில் இடுப்பளவுக்குப் புதுப் பெயின்ட், அதற்கு மேலே பழசு. சுவிட்ச் பெட்டியைப் பெயர்த்து மேலே ஏற்றியிருப்பார்கள். மரக்கதவு இருந்த இடத்தில் பின்வாசலுக்கு மட்டும் பிவிசி கதவு. முழுவீட்டுக்கும் பெயின்ட் அடித்துவிட்டால்? பக்கத்துக் கோயில் மதிலைப் பாருங்கள். ரேஷன் கடைச் சுவரைப் பாருங்கள். விற்கிற வீட்டுக்குத்தான் பெயின்ட் அடிப்பார்கள், ரேஷன் கடைக்கு யார் அடிப்பார்கள்? தெருவில் பால் ஊற்றுகிறவரிடம் “அந்த மழைக்கு எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேட்டால் முழங்காலையோ நெஞ்சையோ தொட்டுக் காட்டிவிடுவார். புரோக்கர் இல்லாமல், மழைக்கு மறுநாள் ஒருமுறை தனியாகப் போய் வருவது இதையெல்லாம்விட நல்லது.

காகிதத்திலும் தண்ணீரின் தடம் உண்டு. வில்லங்கச் சான்றில் அது வராது. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வாங்கிப் பார்த்தால் ஓடை எந்த சர்வே எண்ணை ஒட்டிப் போகிறது என்று தெரியும். ‘அ’ பதிவேட்டில் குளம், ஓடைப் புறம்போக்கு என்று இருக்கும் நிலத்துக்கு வரன்முறை கிடையாது, அது எல்லோருக்கும் தெரியும். வம்பு அங்கே இல்லை. பட்டா நிலமாக இருந்து, தண்ணீர் வழக்கமாகப் படுத்து எழுந்து போகிற பள்ளமாகவும் இருந்தால் சட்டம் அதைத் தடுக்காது. பட்டா இருக்கிறது, பத்திரம் சுத்தம், வரன்முறையும் ஆகிவிட்டது, வங்கியே கடன் தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் தவளை.

பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டிவிட்டோம் என்பார்கள். எதைவிட உயரம்? ரோட்டைவிட. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, பதினைந்து வருஷத்து வீடுகள் எல்லாம் வாசலில் இரண்டு படி இறங்கிப் போகிற நிலைக்கு வந்துவிட்டன. இன்றைய ரோட்டைவிட மூன்றடி உயரம் இல்லாத வீட்டை, உள்ளே எவ்வளவு டைல்ஸ் மின்னினாலும், நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

கட்டிய வீடாக வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: கான்கிரீட்டுக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள்? இந்தப் பக்கம் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் போர் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதிலேயே நனைத்திருந்தால், கம்பி உள்ளேயே துருப்பிடித்து ஊதும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். கடற்காற்று வேறு. மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, சன்ஷேடு ஓரத்தில் நீள வாக்கில் வெடிப்பு இருந்தால் கம்பி ஊத ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். கீழ்ச்சுவரில் உப்புப் பூத்துப் பொரிவதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இங்கே பாதி வீட்டில் உண்டு.

காலி மனையாக வாங்கிக் கட்டுகிறவருக்கு இப்போது ஒரு சௌகரியம். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட இணையத்தில் சுயசான்று கொடுத்தால் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. கிராம ஊராட்சிக்கும் இது பொருந்தும். அனுமதிக்கு அலைகிற மாதங்கள் மிச்சம். அந்த மாதங்களில் ஒரு மழையையாவது மனையில் நின்று பார்க்கலாம்.

தூத்துக்குடியில் நிலம் இனி மலிவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. சில்லாநத்தம் சிப்காட்டில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தாயிற்று, வாகைக்குளத்தில் விமான நிலையத்துக்குப் புது முனையம். நோட்டீஸில் எல்லா மனையும் ‘ஏர்போர்ட்டுக்கு மிக அருகில்’ வந்துவிட்டது. மேட்டு நிலம் முதலில் விலை ஏறும், ஏறிக்கொண்டும் இருக்கிறது. பி.எஃப். பணம் உள்ளவர் கொஞ்சம் கூடக் கொடுத்து மேட்டுக்குப் போய்விடுவார். உப்பளத்துக்காரர் பள்ளம் என்று தெரிந்தேதான் வாங்குகிறார். “வருஷத்துல நாலு நாள்தானே அண்ணாச்சி, வாடகை பன்னெண்டு மாசம்லா” என்று அவர் சொன்னால் மறுத்துப் பேச என்னிடம் கணக்கில்லை. கோரம்பள்ளம் குளத்தின் கரையைப் பலப்படுத்தி, உப்பாற்று ஓடையைக் கடல்வரை தூர்வாரி வைப்பது அவர் கையில் இல்லை. அது நீர்வளத் துறையின் வேலை. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை.

அடுத்த வாரம்: வீடு வாங்கியாயிற்று, குடிதண்ணீர்? வல்லநாட்டிலிருந்து வரும் குழாயும் வாசலில் நிற்கும் லாரியும்.