நோயாளி எழுதிய நூலும் ஆராய்ச்சியாளர் கடமையும்

நோயைக் கற்றவர் மருத்துவர். அதனைப் பட்டறிந்தவர் நோயாளி. ஆதலின், நோயாளி தம் துன்பத்தைத் தாமே எழுதி வெளியிடும்போது, மருத்துவமனைக் குறிப்பேட்டில் காணமுடியாத செய்திகள் ஆராய்ச்சியாளருக்குக் கிட்டுகின்றன. ஆனால், அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? எவ்வாறு கையாளலாம்? புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம்.

டேனியல் பால் ஷ்ரேபர் ஜெர்மானிய நீதிபதி. 1893-இல் டிரெஸ்டன் நகரில் உயர் நீதிப் பதவி ஏற்றவர், சில வாரங்களிலேயே மனநோய்க்கு ஆளானார். பல ஆண்டுகள் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்து, தம் வழக்கைத் தாமே வாதாடி 1902-இல் விடுதலை பெற்றார். மறு ஆண்டு தம் நோயின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். இறைவனின் கதிர்கள் தம் உடலைத் தாக்கின என்றும், தம் மார்பு நசுக்கப்பட்டது என்றும் எழுதினார். வல்லுநர் தம்மை ஆராய்வது அறிவியலுக்குப் பயன்படும் என்று முன்னுரையிலேயே கூறினார்.

சிக்மண்ட் பிராய்டு, அவரை ஒருமுறையேனும் பாராமல், அந்நூலையே முதன்மைச் சான்றாகக் கொண்டு 1911-இல் நோய்க்கு விளக்கம் எழுதினார். ஷ்ரேபர் உயிரோடிருக்கலாம், இதனைக் கண்டு வருந்தலாம் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தார். அவர் எழுதிய நாளில் ஷ்ரேபர் உயிரோடுதான் இருந்தார். 1907 முதல் மீண்டும் மனநோய் மருத்துவமனையில்! 1911 ஏப்ரலில் அங்கேயே மறைந்தார்.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்தைப் பற்றிய மூன்றாம் அதிகாரம் அச்சிடத் தகாதது என்று நூலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. 1950-களில் வில்லியம் நீடர்லாந்து என்ற மருத்துவர் ஷ்ரேபருடைய தந்தையின் நூல்களைத் தேடிப் படித்தார். குழந்தைகள் நிமிர்ந்து உட்காரவேண்டும் என்பதற்காக, மார்பின் மேற்புறத்தை முட்டி நிற்கும் இரும்புச் சட்டத்தைப் பரிந்துரைத்தவர் அத்தந்தை! மகனின் 'மார்பு நசுங்கல்' புதுப்பொருள் பெற்றது. இதுவும் ஒரு விளக்கமே. எனினும், நூலுக்கு வெளியே தேடியதால் கிடைத்த விளக்கம்.

காய்ச்சலில் படுத்துக்கொண்டே ஊரிலிருக்கும் தாயிடம் 'நலம்' என்று சொல்பவர்கள் நாம். சொல்லப்பட்டது மட்டுமே சான்றாகாது என்பதை நமக்கு விளக்கவும் வேண்டுமா? எழுதும் ஆற்றலும் வாய்ப்பும் பெற்ற ஒருவரின் கதை, எழுத இயலாத ஆயிரம் பேரின் கதையாகிவிடாது என்பதும் நினைவில் நிற்கவேண்டும்.

ஆகவே, நோயாளியின் நூல் ஆய்வின் தொடக்கமாகலாம், முடிவாகாது. அச்சில் வந்துவிட்டது என்பதாலேயே அதன் ஆசிரியர் வெறும் ஆய்வுப் பொருளாகிவிடுவதும் இல்லை. உயிரோடிருப்பவரிடம் கேட்பதே முறை. கேட்டால் அவருக்கு மதிப்பு. ஆராய்ச்சிக்கும் அதுவே வலிமை.