காதுக்கும் ஒரு கவசம்

ஆடி மாதம் கோவில்பட்டியிலிருந்து கயத்தாறுக்கு மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? அங்கே காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று நம் காதையும் விடுவதில்லை. வண்டியின் வேகம் மணிக்கு 60 கி.மீ., எதிர்காற்று 30 கி.மீ. என்றால், காதருகே பாய்வது 90 கி.மீ. காற்று! தலைக்கவசத்துக்குள்ளேயே இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும்.

85 டெசிபல் ஒலிக்குப் பாதுகாப்பு வரம்பு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அது பாதியாகும். 94 டெசிபலுக்கு 1 மணி நேரமே. உட்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

நுரை அடைப்பானைச் சரியாக உருட்டிச் செருகாவிட்டால் இடுக்கு வழியே ஒலி புகும். செவித்துளையில் சிலிக்கோன் பசையால் அச்செடுத்துச் செய்த அடைப்பான் இடைவெளியின்றிப் பொருந்தும். அது 20 டெசிபல் குறைத்தால், ஒலிச்செறிவு நூறில் ஒரு பங்காகும். ஹார்ன் ஒலியோ அப்போதும் கேட்கும். வண்டி ஓட்டும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.