காடும் கருவியும் – 9: ஏழு புள்ளி யானை

மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராவைச் சென்ற வாரம் பார்த்தோம். இப்போது வனத்துறைகள் நாடும் தெர்மல் கேமராவை எடுத்துக்கொள்வோம். அதை எடைபோட ஓசூர் வனக்கோட்டத்தின் ஜவளகிரிச் சரகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ராகி கதிர் முற்றும் நாட்களில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து கிளம்பும் யானைக் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று இறங்குகின்றன. பகலில் காட்டுக்குள் நிற்கும் கூட்டம் இருட்டியபின் வயலுக்கு வரும். அதே இருட்டில்தான் சிப்காட் ஆலைகளில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்தவர்கள் வண்டியில் ஊர் திரும்புவார்கள், விவசாயிகள் பரணில் காவலுக்கு உட்கார்ந்திருப்பார்கள். இருட்டிலும் பார்க்கும் கேமரா என்றதும் எல்லோரும் கேட்பது, படம் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்வியை வைத்து வாங்கினால் பணம் வீணாகும். எத்தனை நிமிடம் முன்னதாக அது சொல்லும் என்பதே இங்கே அளவுகோல்.

செல்போனில் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கு வெளிச்சம் வேண்டும். இரவில் அதற்காக அகச்சிவப்பு விளக்கைப் போட்டாலும் அந்த ஒளி இருபது, முப்பது மீட்டரில் நீர்த்துவிடும். தெர்மல் சென்சார் வெளிச்சத்தை எதிர்பார்ப்பதில்லை. எந்தப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப அலைகளை வீசிக்கொண்டிருக்கிறது. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அந்த அலைகள் பட்டால் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் நூலிழை அளவு சூடேறும், அதன் மின்தடை மாறும். அந்த மாற்றமே படமாகிறது. 1980-களில் அமெரிக்க ராணுவத்துக்காக ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய நுட்பம் இது. உண்மையில் தானியங்கிக் கேமராவிலும் வெப்பத்தை உணரும் சிறு சென்சார் ஒன்று உண்டு. அதில் இருப்பவை ஓரிரு உணர்புள்ளிகள்தான், தெர்மல் கேமராவில் மூன்றே கால் லட்சம். விலை ஏறுவதற்கு இன்னொரு காரணம் லென்ஸ். இந்த அலைகள் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது, ஜெர்மானியம் வேண்டும். அந்தத் தனிமத்தின் ஏற்றுமதிக்குச் சீனா 2023 ஆகஸ்ட் முதல் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

மூன்றே கால் லட்சம் என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். கையில் இருக்கும் செல்போனில் ஐந்து கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. இதை யானைக்குப் பொருத்திக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்சாரில் அகலவாட்டில் 640, உயரவாட்டில் 512 புள்ளிகள். ஒரு புள்ளியின் அளவு 12 மைக்ரோமீட்டர், லென்ஸ் 35 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு புள்ளிக்குள் அடங்குவது சுமார் 34 சென்டிமீட்டர். இரண்டரை மீட்டர் உயர யானை அங்கே ஏழு புள்ளி உயரம்தான். அரைக் கிலோமீட்டரில் நிற்கும் ஒரு மாடும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தெரியும். ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டுகொள்ள இரண்டு புள்ளி போதும், அது என்ன பிராணி என்று சொல்ல எட்டு வேண்டும் என்பது 1958-இல் அமெரிக்க ராணுவத்தின் இரவுப் பார்வை ஆய்வாளர் ஜான் ஜான்சன் வகுத்த கணக்கிலிருந்து வரும் அளவு. ஆக, ஒரு கிலோமீட்டரில் இந்தக் கேமரா உருவத்தைப் பிடித்துவிடும், பெயர் சொல்லத் தடுமாறும். ஆனால் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் நடக்கும் யானைக்கு அந்தத் தூரம் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். பரணில் இருப்பவரை எழுப்பவும் சாலையில் வண்டிகளை நிறுத்தவும் அது போதும். மங்கலான அந்த ஏழு புள்ளிதான் இந்தக் கருவியின் பலம். தெளிவு வேண்டும் என்று யானையை நூறு மீட்டர்வரை வரவிட்டால் கையில் ஒன்றரை நிமிடம்கூட மிஞ்சாது.

பலவீனங்கள் மண்ணைப் பொறுத்தவை. இந்தப் பகுதி கருங்கல் பூமி. பகல் முழுக்கக் காய்ந்த பாறை, பொழுது சாய்ந்து வெகுநேரம் வரை சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். தடித்த தோலும் அதன்மேல் பூசிய சேறுமாக வரும் யானையின் மேல்வெப்பம் சுற்றுப்புறத்தை ஒட்டியே இருப்பதால், அந்தப் பாறைகளுக்கு நடுவே அது எடுப்பாகத் தெரியாது. யானை வெளியே வரத் தொடங்கும் முன்னிரவில்தான் இந்தக் குழப்பம் அதிகம் என்பது வருத்தமான உண்மை. கனமழையும் அடர்ந்த மூடுபனியும் அலைகளை விழுங்கிவிடும். இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை உண்ணிச்செடிப் புதர். வெப்ப அலை இலையைத் துளைக்காது. புதருக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை யானை எந்த விலைக் கேமராவுக்கும் தெரியாது.

கோவை அருகே மதுக்கரையில் தெர்மல் கேமரா வேலை செய்கிறதே என்று கேட்கலாம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்களில் தெர்மல் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் பொருத்தி, செயற்கை நுண்ணறிவு கொண்டு எச்சரிக்கும் ஏற்பாடு 7.24 கோடி ரூபாயில் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் அங்கே காக்கவேண்டியது ஒரு கோடு. ஆபத்து எந்த இடத்தில் என்பது முன்கூட்டியே தெரியும், பார்வைக்கு வெட்டவெளியும் உண்டு. ஜவளகிரியில் காட்டின் ஓரம் வயலுக்குள் நுழைந்தும் விலகியும் போகிறது. மேலே சொன்ன லென்ஸ் ஒரு கிலோமீட்டரில் பார்க்கும் அகலமோ சுமார் 220 மீட்டர்தான். அகலமான லென்ஸ் போட்டால் யானையின் ஏழு புள்ளிகள் மூன்றாகக் குறைந்துவிடும். சென்சாரில் விழாத புள்ளியை எந்த நுண்ணறிவாலும் கொண்டுவர முடியாது. எனவே எல்லை நெடுகக் கேமரா நடுவது இங்கே பொருந்தாது. ஏரிக்கரை, யானைகள் வழக்கமாகச் சாலையைக் கடக்கும் இடம் என நாலைந்து திறப்புகளில் நிறுத்தலாம். கூடவே ஒரு சாதாரண இரவுக் கேமரா இருந்தால், தெர்மல் முதலில் சொன்னதைப் பக்கத்தில் வந்தபின் அது உறுதிசெய்யும்.

இந்தப் பணத்தில் அகழியும் வேலியும் போடலாமே என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பயிர் இழந்தவரின் வாதம் அது. ஆனால் வேலி யானையை நிறுத்தும்போது அதன் வழியையும் நிறுத்துகிறது. அடைபட்ட கூட்டம் பக்கத்து ஊருக்குத் திரும்பும். கேமரா யாரையும் தடுப்பதில்லை, எச்சரிக்கை மட்டும் செய்கிறது. ஆனால் அதைக் காட்டி வேட்டைத் தடுப்புக் காவலர்களைக் குறைத்தால் அந்த எச்சரிக்கையைக் கேட்டு ஓடிவர ஆள் இருக்கமாட்டார்கள். செய்தியும் தமிழில் மட்டும் போனால் போதாது. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள கிராமங்கள் இவை. காட்டின் நடுவே ஓடும் மாநில எல்லையும் யானைக்குத் தெரியாது. பன்னேர்கட்டாப் பக்கம் ஒரு திரையில் தெரியும் கூட்டம் அதே நேரத்தில் ஜவளகிரிச் சரக அலுவலகத்திலும் தெரியுமானால், பன்னிரண்டு நிமிடத்துக்குப் பதிலாக ஒரு மாலைப்பொழுதே கையில் கிடைக்கும்.