உங்களுக்குத் தெரியுமா? மேலே நட்சத்திரம், கீழே பூ

★ ஆண்ட்ரோமிடா நட்சத்திரக் கூட்டம் மட்டுமல்ல. குளிர்நாட்டுச் சதுப்பில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் குறுஞ்செடியும்கூட. 1732-ல் லாப்லாந்து போன லின்னேயஸ், தண்ணீர் நடுவே மேட்டில் நின்ற செடியைக் கண்டதும், கடற்பாறையில் கட்டிவைக்கப்பட்ட கிரேக்கக் கதை இளவரசி ஆண்ட்ரோமிடாவை நினைத்துக்கொண்டார். சுற்றிலும் இருந்த தவளைகள்தான் அவர் கணக்கில் கடல் அரக்கர்கள்! செடியையும் இளவரசியையும் அருகருகே வரைந்தும் வைத்தார்.

★ மகளுக்குச் செடி கிடைத்தால் அம்மா சும்மா இருப்பாளா? 1834-ல் டேவிட் டான் என்ற தாவரவியலாளர், அம்மாவின் பெயரால் ஒரு செடி இனத்துக்கு ‘காசியோப்’ என்று பெயர் வைத்தார். அதில் ஒரு வகை நம் இமயமலையிலேயே வெள்ளை வெளேரென்று பூக்கிறது.

★ காந்தளுக்குக் கார்த்திகைப்பூ என்றும் பெயர். வானத்துக் கார்த்திகையோ கிரேக்கர்களுக்கு அட்லஸின் ஏழு பெண்கள். நமக்கு முருகனை வளர்த்த அறுவர். மழைக்காலத்தில் போரிவலி தேசியப் பூங்காவில் இந்தப் பூவைப் பார்க்கலாம். ரசியுங்கள், பறிக்காதீர்கள்: கிழங்கு கொடிய விஷம்.

★ துவாதசிக்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் அகத்திக்கீரை தேடும் மாமிகளே, அந்த மரத்துக்கு வடமொழியில் ‘அகஸ்திய’ என்றே பெயர் உண்டு. அதே அகத்திய முனிவர் பெயரில் தென்வானில் மின்னுவது, இரவு வானின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். கிரேக்கக் கதையில் அது கனோபஸ்: ட்ராய் போர் முடிந்து திரும்பும்போது எகிப்தில் பாம்பு கடித்து இறந்த மாலுமி. வேடிக்கை என்னவென்றால், ஏதென்ஸிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மும்பையில் சுமார் 18 டிகிரி உயரம்வரை வரும், கன்னியாகுமரியில் 29. தெற்கே வந்த முனிவர், தெற்கே போகப் போகத்தான் நன்றாகத் தரிசனம் தருகிறார்!

★ மராத்தியில் அகத்திக்கு ‘ஹாத்கா’ என்று பெயர். சூரியன் ஹஸ்த நட்சத்திரத்தில் இருக்கும் நாட்களில், நடுவே யானைப் படம் வைத்துச் சிறுமிகள் சுற்றிவந்து பாடும் பண்டிகைக்கும் அதே பெயர்தான். அந்த ஹஸ்தம் கிரேக்கர்களுக்கு அப்பல்லோவின் காக்கை.

★ அகத்தியரைப் பார்க்க பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி நல்ல நேரம். தாராவியோ செம்பூரோ, தெற்குப் பக்கம் கட்டடம் மறைக்காத மொட்டைமாடி போதும். சிரியஸ் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அப்படியே நேர் கீழே கண்ணை இறக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.