எழுபது வளைவும் ஒரே வளைவா?

நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவர்களுக்குக் காரவள்ளியோடு சமவெளி முடிந்துவிடும். அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள், எண் போட்ட பலகைகளோடு. அந்தப் பலகைகளை மறைத்துவிட்டால் ஒரு வளைவை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியுமா?

நிஜத்தில் முடியும். மலை இடம் கொடுத்த மட்டும்தான் சாலை திரும்புகிறது. கணக்குக்காக, எல்லாமே ஒரே ஆரமுள்ள அரைவட்டம், ஏற்றமும் ஒரே சீர் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு உருவங்கள் சர்வசமமா என்று பார்க்க, ஒன்றை இழுக்காமல் வளைக்காமல் கொண்டுபோய் மற்றதன்மேல் பொருத்த வேண்டும். நகர்த்தலாம், சுழற்றலாம், கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டலாம். யூக்ளிட் இப்படித்தான் ஒரு முக்கோணத்தைத் தூக்கி இன்னொன்றின்மேல் வைத்தார். வடிவியலில் நகர்த்தலுக்கு என்ன வேலை என்று உமர் கய்யாம் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம்தான், ஆனால் நகர்த்தலையே, புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களை மாற்றாத மாற்றம் என்று கறாராக வரையறுத்துவிட்டால் அது தீர்ந்துவிடும்.

அப்படிச் செய்யும்போது கிடைப்பது அபாரமானது: தளத்தில் எந்த நகர்வையும் கண்ணாடிப் புரட்டல்களாலேயே செய்துவிடலாம், அதற்கு மூன்று கண்ணாடிகளுக்கு மேல் தேவையில்லை. பக்கங்கள் சமமான இரு முக்கோணங்களை எடுங்கள். முதல் கண்ணாடி ஒரு முனையை அதன் இணைமுனைக்குக் கொண்டுபோகும். இரண்டாவது, அந்த முனையை அசைக்காமல் அடுத்த முனையைச் சேர்க்கும். மூன்றாம் முனை அதற்குள் பொருந்தியிருக்கும். இல்லையென்றால், சேர்ந்துவிட்ட பக்கத்தின்மேலேயே மூன்றாவது கண்ணாடியை வைத்தால் போதும். பள்ளியில் மனப்பாடம் செய்த ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதிக்கு இதுவே நிரூபணம்.

இப்போது வளைவுகள். வரைபடத்தில் அரைவட்டம் தன் கண்ணாடி பிம்பத்தை ஒத்திருப்பதால் நகர்த்திச் சுழற்றினாலே எழுபதும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆனால் சாலை ஏறுகிறதே! ஏறிக்கொண்டே திரும்பும் பாதை, திருகாணி மரையின் அரைச் சுற்று. ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவை, வலப்பக்கம் திரும்புவதன்மேல் எப்படிச் சுழற்றினாலும் பொருத்த முடியாது. இறங்கும்போது ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் திரும்பினாலும் வளைவின் வகை மாறாது. திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தால் மரை மாறுவதில்லை அல்லவா? காகித உருவத்தைப் புரட்ட மூன்றாம் பரிமாணம் இருந்தது. இந்த வளைவைப் புரட்ட நான்காவது வேண்டும்.

கண்ணாடியை அனுமதித்தால் எழுபதும் சர்வசமம். மறுத்தால் இரண்டு வகை. பாடநூல் அனுமதிக்கிறது. வேதியியலில் அந்தச் சலுகை செல்லாது: கார்வோன் என்ற மூலக்கூறின் ஒரு வடிவம் புதினாவுக்கு மணம் தருகிறது, அதன் கண்ணாடி வடிவம் சதகுப்பை விதைக்கு.