காமிரா வாங்குமுன் தண்ணீரைப் பாருங்கள்
மீன் குளத்தில் தீவனம் மிஞ்சுகிறதா என்று பார்க்க நீரடிக் காமிரா வாங்கலாமா என்று பண்ணையாளர் பலர் கேட்கின்றனர். முதலில், கறுப்பு வெள்ளை தீட்டிய 20 செ.மீ. விட்டமுள்ள தகட்டைக் கயிற்றில் கட்டிக் குளத்தில் இறக்குங்கள். நுண்ணுயிர் மிதவைகள் செழித்த கெண்டைக் குளத்தில் அது 30-40 செ.மீ. ஆழத்திலேயே மறையும். அங்கே எவ்வளவு விலை கொடுத்த காமிராவிலும் பச்சைதான் தெரியும். விளக்கைக் கூட்டினால் இன்னும் மோசம்; ஒளி துகள்களில் பட்டுத் திரும்பி மூடுபனியாக்கிவிடும். தீவனத்தைத் தட்டில் வைத்து இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பதே போதும்.

தெளிந்த கடலில் மிதவைக் கூண்டு வைத்துக் கடல் விரால் வளர்ப்போர் வாங்கலாம். வலையில் ஒரு கிழிசல் போதும், பல மாத உழைப்பு கடலோடு போய்விடும். கூண்டின் ஆழத்தைவிடக் கேபிள் சில மீட்டர் கூடுதலாக இருக்கட்டும். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தால் மறுமுறை நீர் புகும்.